கண்டதும் காதல்: காட்சி முதல் குறிப்பறிவு வரை

"கண்டதும் காதல்" என்னும் தொடர் நம் கல்லூரி வளாகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணப் புகுந்தால் எண்ணி மாளாது. திரைப்படத்தில் கதாநாயகன் பேருந்துச் சன்னல் வழியே ஒரு முகத்தைக் காண்கிறான், காற்று வீசுகிறது, வயலின்கள் ஒலிக்கின்றன, அடுத்த நொடியில் அவன் ஏதோ ஒரு வெளிநாட்டு மலைச்சரிவில் ஆடிக்கொண்டிருக்கிறான். தெருவோரத்தில் ஒரு பூனைக்குட்டியைக் கண்டெடுத்த என் தோழியும் ஏறத்தாழ இதையேதான் கூறினாள்: "பார்த்த உடனே மனசைப் பறிகொடுத்துட்டேன்டி!" மனிதருக்கும் விலங்குக்கும் ஒரே சொல்லையே வழங்குகிறோம். இரண்டும் ஒன்றுதானா? அந்த ஒரு நொடியில் உண்மையில் உண்டாவது எது? அதற்குக் காதல் என்று பெயரிடுதல் தகுமா? விலங்கியலை முதன்மைப் பாடமாகவும், பகுதி ஒன்றில் தமிழையும் பயின்ற மாணவி என்ற முறையில் இவ்வினாக்களுக்கு என்னால் இயன்ற விடையைத் தேட முற்படுகிறேன். முதலில் என் துறையிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்ப் பேராசிரியர்கள் சற்றே பொறுத்தருள்க.

வாத்துக்குஞ்சும் வெள்ளாட்டுக்குட்டியும்

கண்டதும் காதலுக்கு விலங்குலகில் சான்று காட்டச் சொன்னால், விலங்கியல் மாணவர் யாரும் கான்ராட் லாரன்ஸின் வாத்துக்குஞ்சையே காட்டுவர். ஆஸ்திரிய நாட்டு அறிஞரான லாரன்ஸின் கண்ணெதிரே முட்டையோட்டை உடைத்துக்கொண்டு வெளிவந்த சாம்பல்நிறக் காட்டுவாத்துக் குஞ்சு ஒன்று, உலகில் முதன்முதலாக அவரைத்தான் கண்டது. அன்று முதல் அவரே அதற்குத் தாய். வளர்ப்புத் தாய்வாத்தின் இறகுக்குள் அவர் கொண்டுபோய் விட்டாலும் அது கத்திக்கொண்டு அவர் காலடிக்கே ஓடி வந்தது. அதற்கு மார்ட்டினா என்று பெயரிட்டு அவரே வளர்த்தார். 1935-இல் அவர் விரித்தெழுதிய இந்நிகழ்வை விலங்கியலார் 'இம்பிரின்டிங்' என்பர். நாம் 'பதிவு' என்று கொள்ளலாம். இத்தகைய ஆய்வுகளுக்காக 1973-இல் கார்ல் வான் ஃபிரிஷ், நிக்கோ டின்பெர்கன் ஆகியோருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இதைப் படிப்பவர் பலர் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் கதையின் சுவையான பகுதி இதற்கு முன்பே நடந்தது. லாரன்ஸுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் டக்ளஸ் ஸ்பால்டிங் என்பவர் கோழிக்குஞ்சுகளின் கண்களை முட்டையிலிருந்து வெளிவந்தவுடனேயே சிறு துணிமூடியால் மறைத்து வைத்தார். விரைவில் மூடி நீக்கப்பட்ட குஞ்சுகள் நடமாடும் எதனையும் பின்தொடர்ந்தன, அவரையும் பின்தொடர்ந்தன. ஏறத்தாழ நான்கு நாள் கழித்து மூடி நீக்கப்பட்டவையோ, அவரைக் கண்டதும் அஞ்சி நடுங்கி ஓடின. 1873-இல் இதனை அவர் எழுதினார். அதே மனிதர், அதே முகம்! ஒரு குஞ்சுக்குத் தாய், மற்றொன்றுக்குப் பேய். பிற்காலத்தில் எக்கார்ட் ஹெஸ் என்னும் அறிஞர், வாத்துக்குஞ்சுகளில் இப்பதிவு மிக வலுவாக நிகழ்வது பொரித்த 13 முதல் 16 மணி நேரத்திற்குள் என்று கண்டார். ஆகவே மார்ட்டினாவின் உள்ளத்தைக் கவர்ந்தது லாரன்ஸின் தாடி அன்று, அந்த வேளை. காண்பவனின் உள்ளே ஒரு கதவு திறந்திருக்கும் நேரத்தில் எது எதிர்ப்படுகிறதோ அதுவே உள்ளே நுழைகிறது. காணப்பட்டவரின் சிறப்பு இதில் மிகக் குறைவு.

வெள்ளாட்டின் செய்தி இதனினும் வியப்பானது. அமெரிக்க அறிஞர் பீட்டர் கிளாஃபரும் உடனாய்வாளரும் 1964-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஈன்றவுடன் ஐந்தே நிமிடம் குட்டியோடு இருக்கவிட்ட தாய்ஆடு, பிறகு சில மணி நேரம் பிரித்து வைத்தாலும் அக்குட்டியை ஏற்றுக்கொண்டது. அந்த ஐந்து நிமிடமும் கிட்டாத தாயோ, தன் குட்டியையே முட்டித் தள்ளியது. இங்கே பெரிதும் வேலை செய்வது கண் அன்று, மூக்கும் நாவும். எனவே 'கண்டதும் காதல்' என்பதைவிட 'நக்கியதும் காதல்' என்பதே ஆட்டினத்துக்குப் பொருந்தும்.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் கீதாரிகளுக்கு இந்த ஆய்வு புதிதாகத் தோன்றாது. என் தாத்தா சாகும்வரை இருபது உருப்படி வெள்ளாடு வைத்திருந்தவர். ஈன்ற ஆட்டின் அருகே நாங்கள் குழந்தைகள் நெருங்கினால் விரட்டுவார். "அது மோந்து பாக்கட்டும், கையை வச்சிராதீக!" என்பார். தாய் செத்த குட்டியை வேறோர் ஆட்டிடம் ஊட்ட வேண்டுமானால், அந்த ஆட்டின் பனிக்குட நீரையே குட்டியின் முதுகில் தடவிவிடுவார். அதுவும் உலர்ந்துபோயிருந்தால் உப்பைத் தடவி நக்கவிடுவார். ஒரு முறை நக்கத் தொடங்கிய ஆடு பின்னர் மடி கொடுக்க மறுத்ததை நான் கண்டதில்லை. கன்று இறந்த பசுவுக்கு வைக்கோல் அடைத்த தோல்கன்றைக் காட்டிப் பால் கறக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. தன் கன்றின் மணம் மாறாத அந்தத் தோலை நக்கியவுடன் பசுவின் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் என்னும் இயக்குநீர் குருதியில் கலக்கிறது; மடி சுரக்கிறது. ஈனும்போது கருப்பையைச் சுருங்கச் செய்வதும் இதே நீர்தான். இந்தப் பெயரைச் சற்றே நினைவில் இருத்துக. நாயிடம் வரும்போது மீண்டும் தேவைப்படும்.

நாய்க்குட்டியின் புருவம்

நிற்க. வளர்ப்பு விலங்கைக் கண்டவுடன் நம் நெஞ்சு ஏன் இளகுகிறது? இதற்கும் லாரன்ஸே 1943-இல் ஒரு விடை கூறினார். உடலுக்குப் பெரிய தலை, உருண்ட நெற்றி, முகத்தில் சற்றே தாழ்ந்திருக்கும் பெரிய கண்கள், பருத்த கன்னம், குட்டையான கைகால் ஆகிய இவை மனிதக் குழந்தையின் அடையாளங்கள். இவ்வடையாளங்களைக் கண்டால் பேண வேண்டும் என்னும் உணர்ச்சி நம்முள் தானே எழும்படி இயற்கை அமைத்திருக்கிறது. குழந்தைக்காக ஏற்பட்ட அந்தப் பூட்டு, நாய்க்குட்டி, பூனைக்குட்டி, முயல்குட்டி ஆகிய எல்லாச் சாவிக்கும் திறந்துகொள்கிறது. பொம்மைக் கரடிக்குக்கூடத் திறக்கிறது.

நாய் இந்தச் சாவியை இன்னும் கூர்மையாக்கிக்கொண்டது போலும். 2013-இல் பிரிட்டனில் நாய்க்காப்பகங்களில் செய்த ஆய்வொன்றில், உள்புருவத்தை மேலே தூக்கி ஏக்கமாகப் பார்ப்பதுபோன்ற முகக்குறிப்பை அடிக்கடி காட்டிய நாய்களை மக்கள் விரைவில் வீட்டுக்கு அழைத்துச் சென்றனர் என்று தெரியவந்தது. 2019-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அப்புருவத்தைத் தூக்கும் தசை நாய்களில் நன்கு வளர்ந்திருப்பதையும், ஓநாய்களில் அது சிறு நாராகவே இருப்பதையும் காட்டியது. பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் எந்தக் கண்ணைக் கண்டு மயங்கினானோ அந்தக் கண்ணுடைய நாய்க்கே சோறிட்டான். அதன் வழித்தோன்றல்கள் பெருகின. நம் மயக்கமே அவற்றின் முகத்தைச் செதுக்கியிருக்கிறது.

இம்மயக்கம் யாருக்கு நன்மை, யாருக்குத் துன்பம் என்று கேட்டால் விடை அவ்வளவு இனிப்பாக இல்லை. 2003-ஆம் ஆண்டு ஹட்ச் என்னும் கைப்பேசி நிறுவனம் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. சிறுவன் ஒருவன் செல்லும் இடமெல்லாம் 'பக்' இனத்துச் சிறுநாய் ஒன்று பின்னாலேயே ஓடும். பார்த்தவர் பலர் மனத்தைப் பறிகொடுத்தனர். இந்திய நகரங்களில் அவ்வினக் குட்டிகளுக்குத் தேவை பெருகியது. அந்த நாயின் தட்டை முகமும் உருண்டு பிதுங்கிய கண்ணும் லாரன்ஸ் சொன்ன குழந்தை அடையாளத்தை அப்படியே அச்சில் வார்த்தவை. ஆனால் நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூக்கு நசுங்கிப் பிறந்த நாயால் நன்றாக மூச்சிரைக்க இயலாது. சித்திரை வெயிலில் நம் ஊரில் அதன் நிலை என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வெளியே பிதுங்கிய கண்ணில் எளிதில் புண் உண்டாகும். எந்த முகத்தைக் கண்டதும் காதலித்தார்களோ, அந்த முகமே அதற்கு நோய். ராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று இம்மண்ணுக்கேற்ற நாய்கள் நம்மிடம் இருக்க, அவற்றின் நீண்ட முகமும் ஒட்டிய வயிறும் விளம்பரத்துக்கு உதவவில்லை!

குட்டியின் பக்கமிருந்து நோக்கினால் காலக்கணக்கு வேறு. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் இருவர் பல ஆண்டுகள் நாய்களை ஆராய்ந்து 1965-இல் நூல் எழுதினர். பிறந்த 3 வாரம் முதல் 12 வாரம் வரையிலான காலமே நாய்க்குட்டி பிறரோடு உறவு கொள்ளக் கற்கும் காலம் என்பது அவர்கள் முடிவு. அதே இடத்தில் நடந்த, 1961-இல் வெளியான ஆய்வில், உயர்ந்த வேலியிட்ட திடலில் மனிதர் நெருங்காமல் வளர்க்கப்பட்ட குட்டிகள், 14 வாரம் கடந்தபின் மனிதரைக் கண்டாலே காட்டு விலங்குபோல் ஒதுங்கின. வாத்துக்குஞ்சுக்கு மணிக்கணக்கு, நாய்க்குட்டிக்கு வாரக்கணக்கு. தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கற்க வேண்டியவையும் இக்காலத்திலேயே அடங்கும். ஆகையால்தான் நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து 2017-இல் நடுவண் அரசு வகுத்த விதிகள், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்கின்றன. சந்தையில் அட்டைப்பெட்டிக்குள் கண்திறந்தும் திறவாமலும் நெளியும் குட்டியைக் கண்டதும் காதலித்து வாங்கிவரும் அன்பர்கள் இவ்விதியை ஒரு முறை நினைக்கலாம்.

இனி ஆக்ஸிடோசின். 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாய்களையும் அவற்றை வளர்ப்போரையும் ஓர் அறையில் அரைமணி நேரம் இருக்கச் செய்து, முன்னும் பின்னும் இருவர் சிறுநீரிலும் அந்த இயக்குநீரை அளந்தனர். ஒருவரையொருவர் நெடுநேரம் கண்ணோடு கண் நோக்கிய இணைகளில் நாயிடத்தும் மனிதரிடத்தும் அது உயர்ந்தது. கையால் வளர்க்கப்பட்ட ஓநாய்களிடம் இவ்விளைவு காணப்படவில்லை. ஈன்ற பசுவின் மடியைச் சுரக்கச் செய்த அதே நீர்! இந்த ஆய்வை எடுத்துக்காட்டிப் "பார்த்தீர்களா, கண்டதும் காதல் அறிவியலே" என்று குதிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த நாய்கள் தெருவில் அன்று கண்டவை அல்ல, அவ்வீடுகளிலேயே வாழ்ந்தவை. அன்றியும், நோக்கு இரு பக்கமும் இருந்தது. ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டே இருந்ததன் விளைவு அன்று அது.

எங்கள் வீட்டுச் செவலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு நாள் திண்ணையோரம் வந்து ஒண்டிய பெண்நாய் அது. உடம்பெல்லாம் சொறி, விலா எலும்பு எண்ணலாம், ஒரு காது கிழிந்திருந்தது. லாரன்ஸ் சொன்ன அடையாளம் எதுவும் அதனிடம் இல்லை. அப்பத்தா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு "ஏ மூதேவி, போ அங்கிட்டு!" என்று விரட்டினார். அது எழுந்து பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்தது. மறுநாளும் வந்தது. கார்த்திகையில் பழைய சோற்றுத் தண்ணீர் கிடைத்தது. மார்கழியில் அப்பத்தா கோலமிடும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. தைப்பொங்கல் அன்று அதற்குத் தனியே ஒரு கொட்டாங்கச்சியில் பொங்கல் வைக்கப்பட்டது. வேப்பெண்ணெய் தடவிச் சொறியை ஆற்றியவரும் அப்பத்தாதான். பங்குனியில் அது அவர் கட்டிலின்கீழ் உறங்கியது. இப்போது அப்பத்தா ஊருக்குப் போனால், திரும்பி வரும்வரை செவலை சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. எங்கள் தெருவில் நான் கண்ட மிக உறுதியான அன்பு இதுவே. இதன் முதல் காட்சியில் விளக்குமாறுதான் இருந்தது. திரும்பத் திரும்பக் காண்பதாலேயே ஒன்றின்மேல் விருப்பம் வளரும் என்று 1968-இல் ராபர்ட் சயன்ஸ் என்னும் உளவியலறிஞர் ஆய்ந்து எழுதினார். அப்பத்தாவுக்கு அவரைத் தெரியாது.

மனிதரிடம் வருவோம்

மனிதரைப் பற்றிய ஆய்வுகளை விரைவாகவே கடந்துவிடலாம். அவை ஒரே திசையில்தான் கைகாட்டுகின்றன. ஒரு முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவர் அழகர், இவர் நம்பத்தக்கவர் என்று நம் மூளை தீர்ப்பெழுதிவிடுகிறது என்பதை 2006-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லிஸ், தொதோரொவ் ஆகியோர் காட்டினர். கூடுதல் நேரம் கொடுத்தால் தீர்ப்பு பெரிதும் மாறுவதில்லை. தீர்ப்பின்மேல் நமக்குள்ள உறுதி மட்டும் கூடுகிறது. தீர்ப்பு சரியா என்பது வேறு கேள்வி. 1974-இல் டட்டன், ஆரன் என்னும் இருவர் கனடாவில் ஆழமான பள்ளத்தாக்கின்மேல் ஊசலாடும் கப்பிலானோ தொங்குபாலத்தில், கடந்துவரும் ஆடவரை ஒரு பெண்ணைக்கொண்டு வினவச் செய்து, அவளது தொலைபேசி எண்ணையும் கொடுக்கச் செய்தனர். உறுதியான தாழ்ந்த பாலத்தில் வந்தவரைவிட ஆடும் பாலத்தில் வந்தவரே மிகுதியாக அவளைப் பின்னர்த் தொலைபேசியில் அழைத்தனர். பாலத்தால் அடித்துக்கொண்ட நெஞ்சை அவளால் அடித்துக்கொண்டதாக எண்ணிவிட்டார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. காலை எட்டு மணி நகரப் பேருந்தின் படிக்கட்டில் தொங்கி வரும் நண்பர்களுக்கு நெஞ்சு எதனால் படபடக்கிறது என்பதை அவர்களே ஆராய்ந்துகொள்வார்களாக.

2017-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 400 பேரிடம் நடத்திய ஆய்வு நம் பொருளுக்கு நேரானது. முதன்முறை ஒருவரைக் கண்டவுடன், கண்டதும் காதலை உணர்ந்தீர்களா என்று கேட்டுப் பதிவு செய்தனர். ஆம் என்றவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டது உடலழகின்பால் ஈர்ப்பே. நெருக்கம், பற்றுறுதி ஆகிய காதலின் கூறுகள் உயர்ந்திருக்கவில்லை. அதைவிடக் கவனிக்கத்தக்கது மற்றொன்று. அங்கே நேருக்கு நேர் சந்தித்தவர்களுள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கண்டதும் காதல் கொண்டதாக ஓர் இணைகூடக் கிடைக்கவில்லை. கண்டவர் கண்டார், காணப்பட்டவர் சும்மா இருந்தார்.

இந்த முடிவைப் படித்தபோது எனக்கு வியப்பு எழவில்லை. காரணம், இதற்கு நம் இலக்கணத்தில் எழுநூறு ஆண்டுக்கு முன்பே பெயர் இருக்கிறது.

கைக்கிளை

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தவராகக் கருதப்படும் நாற்கவிராச நம்பி தம் அகப்பொருள் விளக்கத்தில் காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என்று நான்கினை வரிசைப்படுத்துகிறார். தலைவன் தலைவியைக் காண்கிறான், இது காட்சி. இவள் வானமகளோ மண்மகளோ என்று ஐயுறுகிறான். சூடிய மாலை வாடுவதையும் கண் இமைப்பதையும் கண்டு, மானிட மகளே என்று துணிகிறான். பின்னர் அவள் நோக்கில் தனக்கு இசைவு உண்டா என்று குறிப்பறிகிறான். இந்நான்குக்கும் அவர் வைத்த பொதுப்பெயர் என்ன? காதல் அன்று, களவு அன்று, கைக்கிளை. கை என்பது பக்கம், கிளை என்பது உறவு, ஒருபக்கத்து உறவு. எவ்வளவு அழகிய காட்சியாயினும், எவ்வளவு பெருமூச்சு விட்டாலும், எதிர்ப்பக்கத்தின் குறிப்பு தெரியும்வரை அது ஒருபக்கமே என்று கணக்காகப் பெயரிட்டுவிட்டார்கள். குரோனிங்கன் ஆய்வாளர்கள் கண்டதும் இதுவே.

தொல்காப்பியர் காலத்திலும் காட்சியை அடுத்து நிற்பது ஐயமே. நம் கதாநாயகர்களுக்கு ஐயம் என்ற ஒன்றே வருவதில்லை என்பது என் நெடுநாளைய குறை. வள்ளுவரும் இம்மரபில் வழுவவில்லை. காமத்துப்பாலின் முதல் அதிகாரமாகிய தகையணங்குறுத்தல் ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. தெய்வப்பெண்ணா, மயிலா, மானிடப் பெண்ணா என்று அவன் மயங்குகிறான். அடுத்த அதிகாரமே குறிப்பறிதல். இடையில் வேறொன்றையும் அவர் நுழைக்கவில்லை. அங்கேதான், அவன் நோக்கும்போது நிலத்தையும் அவன் நோக்காதபோது அவனையும் நோக்கும் அவளது பார்வை வருகிறது. புணர்ச்சி மகிழ்தல் அதற்கும் பின்னரே. 109, 110, 111 என்னும் இந்த அதிகார எண்களின் வரிசையே ஒரு பாடம் என்பேன்.

கம்பரை விட்டுவிட்டால் தமிழ் மாணவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். வான்மீகியில் வில்லை இறுக்கும் முன் இராமனும் சீதையும் ஒருவரையொருவர் காணும் காட்சி இல்லை. கம்பர் அதனை மிதிலைக் காட்சிப் படலத்தில் புதிதாகப் படைத்தார். படைத்தவர், தமிழ் மரபுக்கேற்ப இருவரையும் நோக்கச் செய்தார். வீதியில் செல்பவன் மட்டும் மாடத்தை நோக்கியிருந்தால் அது கைக்கிளையாகவே முடிந்திருக்கும். மாடத்தில் நின்றவளும் நோக்கினாள். கண்டதும் காதல் என்று மேடைதோறும் புகழப்படும் அந்த இடத்தின் உயிர் 'கண்டதும்' என்பதில் இல்லை, 'இருவரும்' என்பதில் இருக்கிறது.

தொல்காப்பியர் கைக்கிளைக்குக் கூறும் இலக்கணத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. மறுமொழி பெறாத நிலையில் தலைவன் என்ன செய்கிறான்? தானே சொல்லித் தானே இன்புறுகிறான், அவ்வளவே. பின்தொடர்தல் அங்கே இல்லை. மிகுந்த காமத்தால் வலிந்து செய்வனவும், ஊரறிய மடலேறி நெருக்குவதும் கைக்கிளையிலும் இல்லை, அன்பின் ஐந்திணையிலும் இல்லை. அவற்றைப் பெருந்திணையில் ஒதுக்கி வைத்தார்கள். இந்தப் பாகுபாட்டை நாளிதழ்கள் அறியா. கல்லூரி வாயிலில் காத்திருந்து ஒருத்தியைத் தாக்கியவனைப் பற்றிய செய்திக்கு 'ஒருதலைக் காதல் விபரீதம்' என்று தலைப்பிடுகின்றன. ஒருதலைக் காதல் என்பது கைக்கிளையின் பெயர். சொல்லி இன்புற்று நின்றுவிடுபவனின் பெயர். அதைக் கொண்டுபோய்க் கத்தி எடுத்தவனுக்குச் சூட்டுதல் தமிழுக்கும் தகாது.

ஏட்டுச் சுரைக்காய் என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. மாலை ஐந்து மணிப் பேருந்துக்கு நிற்கும் மாணவியருக்கு இது அன்றாடச் செய்தி. யாரோ ஒருவர் எங்கோ ஒரு நாள் கண்டுவிட்டார்; கண்டதும் காதல் வந்துவிட்டது; அதனால் தினமும் அதே நிறுத்தத்தில் நிற்கிறார், அதே பேருந்தில் ஏறுகிறார், வீட்டுத் தெருமுனை வரை வருகிறார். அவருக்கு அது கதையின் தொடக்கம். அவளுக்கோ வீட்டில் சொல்வதா வேண்டாவா என்னும் கவலை. சொன்னால் "படிச்சது போதும்" என்ற பேச்சு எழுமே என்னும் அச்சம். அவர் கண்ட ஒரு காட்சிக்கு இவள் தன் பட்டத்தை விலையாகக் கொடுக்க நேர்கிறது. திரைப்படத்தில் இடைவேளைக்குப் பிறகு நாயகி மனம் இரங்கிவிடுகிறாள். பேருந்து நிறுத்தத்தில் இடைவேளை கிடையாது.

சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இத்தகைய வம்பில் உயிரிழந்ததையடுத்து, 1998-இல் தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பின்தொடர்தல் என்பது 354-ஈ என்னும் பிரிவாகத் தனிக் குற்றமாயிற்று. 2024 சூலை முதல் நாளிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. முதல்முறை குற்றம் உறுதியானால் மூன்றாண்டு வரை சிறை. மீண்டும் செய்தால் ஐந்தாண்டு வரை. அப்பிரிவின் சொல்லமைப்பை நான் படித்துப் பார்த்தேன். ஒரு பெண் தனக்கு நாட்டமில்லை என்பதைத் தெளிவாகக் குறிப்பால் உணர்த்திய பின்னும் ஆடவன் ஒருவன் மீண்டும் மீண்டும் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வதைக் குற்றம் என்கிறது அது. குறிப்பு! நம்பி நான்காவதாக வைத்ததும், வள்ளுவர் 110-ஆம் அதிகாரமாக வைத்ததும் இன்று சட்டப் புத்தகத்தில் அமர்ந்திருக்கிறது.

குறிப்பு என்பது இசைவுக்கு மட்டும் உரியதன்று, மறுப்புக்கும் உண்டு. நாய்க்குட்டியும் அதனைக் காட்டும். தூக்க வரும் கையைக் கண்டு முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், வாலைக் கால்களுக்கிடையே இடுக்கும், கண்ணின் வெண்மை தெரியும்படி ஓரமாகப் பார்க்கும். இவற்றைக் கால்நடை மருத்துவர்கள் அச்சத்தின் அறிகுறிகள் என்பர். "எவ்வளவு அழகு!" என்று கூவிக்கொண்டே அள்ளி அணைப்பவர் கண்ணுக்கு இவை படுவதில்லை. குட்டி கடித்தபின் நாயைத்தான் குறை சொல்வார்கள்.

நல்ல கைக்கிளைத் தலைவனை நான் ஒரே ஒரு முறை நேரில் கண்டிருக்கிறேன். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் தோழி ஒருத்தியிடம், நூலகத்தின் முன், பட்டப்பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் நின்று தம் எண்ணத்தைக் கூறினார். அவள் தலையை ஆட்டி, "இல்லீங்க, எனக்கு அப்படி எண்ணமில்லை" என்றாள். அவர் முகம் சற்றே வாடியது, "சரிங்க" என்றார், நூலகத்துக்குள் போய்விட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை செய்முறை வகுப்பில் இருவருக்கும் ஒரே மேசை. வெங்காய வேர்நுனியைக் கறையேற்றிக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிச் செல்பிரிவைக் காண வேண்டும். அவள் வேர்களை நறுக்கித் தந்தாள். அவர் நுண்நோக்கியைச் சரிசெய்துவிட்டு, "அனாஃபேஸ் கிடைச்சிருக்கு, வந்து பாருங்க" என்று எழுந்து இடம் விட்டார். அவள் குனிந்து பார்த்து, படத்தைப் பதிவேட்டில் வரையத் தொடங்கினாள்.